மெழுகுவத்தியில் பிறந்த விலை

1662ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். லண்டனில் இங்கிலாந்துக் கடற்படை பழைய கப்பல்களை ஏலத்துக்கு விட்டது. ஏலக்காரர் கையில் சுத்தியல் கிடையாது. மேசைமேல் ஓர் அங்குல நீளத்துக்கு மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். சுடர் அணையும்போது கடைசியாகக் கேட்ட குரல் யாருடையதோ, கப்பல் அவருக்கு. முதலில் யாரும் வாயைத் திறக்கவில்லை. மெழுகு தீரும் நேரம் வந்ததும் ஆளாளுக்குக் கூச்சல் போட்டார்கள். அந்தக் களேபரத்தின் நடுவே ஒருவர் மட்டும் பதற்றமே இல்லாமல் நின்று, சரியான நொடியில் தொகையைச் சொல்லிக் காரியத்தை முடித்தார். கடற்படை அதிகாரியாக அங்கே இருந்த சாமுவேல் பெப்பிஸுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அந்த ஆளிடமே விசாரித்தார்.

சுடர் அணையப்போகும் கணத்தில் புகை மேலே போகாது, கீழே இறங்கும் என்றார் அவர். கூட்டம் சுடரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் புகையைப் பார்த்திருக்கிறார். பெப்பிஸ் இதைத் தன் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஏலம் நடந்தது எல்லோர் கண்முன்னாலும்தான். விதியும் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனாலும் மற்றவர்களுக்குத் தெரியாத ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது. இந்தச் சின்ன சூட்சுமம் கடல் தாண்டி, மலை ஏறி, நீலகிரியில் கொழுந்து பறிக்கும் குடும்பங்களின் மாத வரவு செலவு வரை வந்து சேரும் என்று பெப்பிஸ் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

பதினேழு ஆண்டுகள் கழித்து, 1679இல், கிழக்கிந்தியக் கம்பெனி லண்டனில் முதன்முறையாகத் தேயிலையை ஏலம் விட்டது. அந்தக் காலத்துத் தேயிலை ஏலங்களிலும் மெழுகுவத்திதான் கடிகாரம். அப்போது தேயிலை என்றால் சீனத் தேயிலை. 1834இல் கம்பெனியின் ஏகபோகம் முடிவுக்கு வந்ததும் ஏலம் மின்சிங் லேன் என்ற தெருவுக்குக் குடிபெயர்ந்தது. மெழுகுவத்தி போய்ச் சுத்தியல் வந்தது. உலகத்தில் எந்த மூலையில் தேயிலை விளைந்தாலும் அதன் விலை அந்த ஒரே தெருவில்தான் பிறந்தது. 1839 ஜனவரி 10 அன்று அங்கே எட்டே எட்டுப் பெட்டிகள் மேடைக்கு வந்தன. அவை சீனாவிலிருந்து வந்தவை அல்ல.

அது அஸ்ஸாம் தேயிலை. இந்தியாவில் விளைந்து லண்டன் ஏலத்துக்குப் போன முதல் சரக்கு. கேப்டன் பிடிங் என்ற வியாபாரி விடாப்பிடியாக நின்று எட்டுப் பெட்டிகளையும் வாங்கினார். கடைசிப் பெட்டி பவுண்டுக்கு 34 ஷில்லிங் வரை ஏறியது. அந்த விலை இந்தியாவில் நிலம் வைத்திருந்த ஒவ்வொரு வெள்ளைக்காரர் காதிலும் விழுந்தது. நீலகிரியில் கேத்தி பண்ணையில் 1830களிலேயே சோதனைக்காகத் தேயிலைச் செடி நட்டிருந்தார்கள். அதை அக்கறையோடு பார்க்க ஆள் இல்லாமல் கிடந்தது. 1850களில் குன்னூர்ப் பக்கம் தோட்டங்கள் தலையெடுத்தன. அதன் பிறகு மலைச்சரிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சை போர்த்திக்கொண்டன. தோட்டம் இங்கே வந்துவிட்டது. விலை மட்டும் வர மறுத்தது.

பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டு, லண்டனில் என்ன விலை போனது என்ற செய்திக்காகத் தோட்டக்காரர்கள் காத்திருந்தார்கள். 1861 டிசம்பர் 27 அன்று கல்கத்தாவில் இந்தியாவின் முதல் தேயிலை ஏலம் நடந்தது. 1883இல் கொழும்பில் தொடங்கியது. தென்னிந்தியாவுக்கோ 1947இல் கொச்சியில் ஏல மையம் வரும்வரை பொறுக்க வேண்டியிருந்தது. கொச்சியும் நீலகிரிக்குத் தூரந்தான். ஆனால் அதுவரை இந்த ஏலங்களில் விற்றவர்கள் பெரும்பாலும் பெரிய தோட்டக்காரர்கள். சொந்தத் தொழிற்சாலை, தரகர், வங்கிக் கணக்கு எல்லாம் உள்ளவர்கள். கதையின் போக்கை மாற்றப்போகும் ஆட்கள் அப்போது வேறொரு பயிரில் மும்முரமாக இருந்தார்கள்.

நீலகிரியில் படகர் மக்கள் வாழும் ஹட்டிகளைச் சுற்றிய நிலங்களில் அன்று உருளைக்கிழங்குதான் ராஜா. ஊட்டிக் கிழங்குக்கு மேட்டுப்பாளையம் மண்டியில் தனி மதிப்பு. விதைக் கிழங்கும் வெளியூர்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1961இல் எஃப்.ஜி.டபிள்யூ. ஜோன்ஸ் என்ற நூற்புழு நிபுணர் ஊட்டியை அடுத்த விஜயநகரத்தில் ஒரு கிழங்குச் செடியின் வேரைப் பார்த்தார். வேரோடு ஒட்டிக்கொண்டு கடுகைவிடச் சின்னதாய்ப் பொன்னிற மணிகள். ஒவ்வொரு மணிக்குள்ளும் நூற்றுக்கணக்கான முட்டைகள்.

முட்டைக்கூடு நூற்புழு என்று அதற்குப் பெயர். ஒருமுறை மண்ணில் இறங்கிவிட்டால் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து, மறுபடியும் கிழங்கு நட்டால் விழித்துக்கொள்ளும். நீலகிரி விதைக் கிழங்கு மலையை விட்டு இறங்கக் கூடாது என்று பின்னர் தடையே வந்தது. கிழங்கைக் கைவிட்டுத் தேயிலைக்கு மாறுவது அங்கங்கே ஏற்கெனவே தொடங்கியிருந்தது. புழு அதற்கு வேகம் கூட்டியது. ஓர் ஏக்கர், அரை ஏக்கர் வைத்திருந்தவர்கள்கூடத் தேயிலை நாற்றை ஊன்றினார்கள். கொழுந்து விட்டது. பறித்தார்கள். அப்புறந்தான் பெரிய சிக்கல் காத்திருந்தது.

உருளைக்கிழங்கை மூட்டை கட்டி வைத்து, விலை ஏறும்வரை பொறுக்கலாம். கொழுந்தை அப்படி வைக்க முடியாது. சாக்கில் அடைத்த சில மணி நேரத்தில் உள்ளே சூடேறும், இலை கருக்கும். பறித்த அன்றே தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும். தொழிற்சாலையோ எஸ்டேட்காரரிடமோ தனியாரிடமோ இருந்தது. கொடுக்கிற விலையை வாங்கிக்கொண்டு போவதைத் தவிர வேறு வழியில்லை. இதற்கு மாற்றாக 1962இல் குந்தாவில் விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றை எழுப்பினார்கள். அடுத்தடுத்துப் பல ஊர்களில் கூட்டுறவுத் தொழிற்சாலைகள் எழுந்தன. 1965இல் அவற்றுக்கெல்லாம் தலைமைக் கூட்டமைப்பாக இன்ட்கோசர்வ் உருவானது. இடையில் 1963இல் குன்னூருக்கே ஏல மையம் வந்து சேர்ந்தது. மின்சிங் லேனிலிருந்து புறப்பட்ட விலை ஒருவழியாக மலையேறிவிட்டது. இனிக் கவலையில்லை என்றுதான் தோன்றியது.

அன்றைய குன்னூர் ஏலம் ஒரு தனி உலகம். ஏலத்துக்கு முன்னாலேயே ஒவ்வொரு லாட்டிலிருந்தும் (விற்பனைத் தொகுதியிலிருந்தும்) மாதிரி எடுத்து வாங்குவோருக்கு அனுப்பிவிடுவார்கள். நீண்ட மேசையில் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். சுவைஞர் கரண்டியால் சாயத்தை அள்ளி, சத்தம் வர உறிஞ்சி, நாக்கில் புரட்டி, துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர்வார். வடிகட்டிய சக்கையை முகர்ந்து பார்ப்பார். தரகர் தன் மதிப்பீட்டைப் பட்டியலில் குறித்துவைப்பார். ஏலம் வியாழன், வெள்ளிக்கிழமைகளில். ஒரு நாள் இலை ரகம், மறுநாள் டஸ்ட். மேடையில் தரகர் லாட் எண்ணைச் சொன்னதும் எதிர் வரிசைகளிலிருந்து குரல்கள் கிளம்பும். ஒரு தலையசைப்பு, ஒரு விரல், ஒரு கனைப்பு. சுத்தியல் விழும். ஒரு வாரத்தில் பத்து லட்சம் கிலோவுக்கும் மேல் கைமாறும் சந்தையாக அது வளர்ந்தது. இருந்தும் அந்த அறையில் ஒரே ஓர் ஆள் எப்போதும் இல்லை.

கொழுந்து பறித்தவர்தான் அவர். அவர் அந்நேரம் கொள்முதல் மையத்தில் சாக்கோடு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். தராசில் சாக்கு ஏறும். ஈரத்துக்கு இவ்வளவு, முற்றிய இலைக்கு இவ்வளவு என்று கழிப்பார்கள். மிச்சத்தைக் கையேட்டில் கிலோவாக எழுதுவார்கள். விலைக்கான கட்டம் காலியாகவே இருக்கும். மாதம் முழுக்க இலை கொடுத்து முடித்த பிறகு, தொழிற்சாலை தன் தூளை ஏலத்தில் விற்று, செலவைக் கழித்து, அடுத்த மாதத்தில் ஒரு தொகையைச் சொல்லும். சரக்கைக் கொடுத்துவிட்டு அப்புறம் விலையைத் தெரிந்துகொள்ளும் வியாபாரம் அது. வருமானம் நன்றாக இருந்தவரை அந்தக் காலிக் கட்டத்தைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்கவில்லை.

வருமானம் நன்றாக இருந்ததற்குக் காரணம் மாஸ்கோ. நீலகிரித் தேயிலையைக் கப்பல் கப்பலாக வாங்கியது சோவியத் ஒன்றியம். தரத்தில் முன்பின் இருந்தாலும் சரக்கு தங்கவில்லை. ஹட்டிகளில் ஓட்டு வீடுகள் மாடி வீடுகள் ஆயின. 1991இல் சோவியத் உடைந்தது. அதன் பிறகும் சில ஆண்டுகள் பழைய பழக்கத்தில் வியாபாரம் நடந்தது. 1998 ஆகஸ்டில் ரஷ்யாவின் ரூபிள் சரிந்தது. அதே ஆண்டு டிசம்பர் 28 அன்று இந்தியாவும் இலங்கையும் தடையில்லா வணிக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தரமான கொழும்புத் தேயிலை உள்ளே வந்துவிடும் என்று நீலகிரியில் பேச்சு கிளம்பியது. ஏலத்தில் சுத்தியல் ஒவ்வொரு வாரமும் தாழ்ந்த விலைக்கே விழுந்தது.

இரட்டை இலக்கத்தில் இருந்த பசுந்தேயிலை விலை, புத்தாயிரம் பிறந்த வேளையில் கிலோவுக்கு நான்கைந்து ரூபாய்க்கு வந்து நின்றது. பறிகூலி கொடுக்கவே அது போதவில்லை. கொழுந்தைப் பறிக்காமலே விட்டவர்கள் உண்டு. செடி மரமாக வளர்ந்தது. சாலைகளில் மறியல், ஊர்வலம், கடையடைப்பு என்று மாவட்டமே கொதித்தது. அந்தக் கொதிப்பின் நடுவே, ஹட்டிகளின் கூட்டங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுந்தது. யார் இந்த விலையை வைக்கிறார்கள்?

தொழிற்சாலையைக் கேட்டால் ஏலத்தைக் காட்டியது. தரகரைக் கேட்டால் வாங்குவோரைக் காட்டினார். வாங்குவோர் உலகச் சந்தையைக் காட்டினார்கள். அரசாங்கம் எல்லோரையும் காட்டியது. விரல் ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது. இத்தனைக்கும் வெளிப்படைத்தன்மை என்ற சொல் அரசியல் மேடைகளில் புழங்கத் தொடங்கிவிட்ட காலம் அது. 1997இல் இந்தியாவிலேயே முதல் மாநிலமாகத் தகவல் அறியும் சட்டத்தை இயற்றியது தமிழ்நாடுதான். அதில் விலக்குகள் ஏராளம் என்று பத்திரிகைகள் அப்போதே சுட்டிக்காட்டின. விலக்குகள் இல்லாதிருந்தாலும் தேயிலை விவசாயிக்கு அது உதவியிருக்காது. அவருக்கு வேண்டிய தகவல் எந்த அரசு அலமாரியிலும் இல்லை. சுத்தியல் விழும் அந்தக் கணத்தில், எதிர் வரிசையில் யார் யாருக்குக் கண் காட்டினார்கள் என்பதில் அது இருந்தது.

ஏ.எஃப். ஃபெர்குசன் என்ற ஆலோசனை நிறுவனத்திடம் தேயிலை விற்பனை முறையை ஆராயும் வேலை ஒப்படைக்கப்பட்டது. அந்த நாளைய ஏல அறைகளில் பெரிய லாட்டைப் பல வியாபாரிகள் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்ளும் வழக்கம் இருந்தது. ஒருவர் ஏலம் கேட்பார், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு, பிறகு அவரிடமிருந்து பங்கு பிரித்துக்கொள்வார்கள். சின்ன வியாபாரிக்கு இது வசதி. ஆனால் ஒருவரோடு ஒருவர் போட்டியிட வேண்டியவர்கள் ஒரே பக்கமாகிவிட்டால் விலை எப்படி ஏறும்? விற்பனை கணினித் திரைக்கு மாற வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. பெப்பிஸ் காலத்து மனிதர் கண்டுபிடித்த புகையை, இந்த முறை யார் கண்ணிலும் படாமல் செய்துவிடலாம் என்று நம்பினார்கள்.

2003ஆம் ஆண்டு திருப்பங்கள் நிறைந்த ஆண்டு. தமிழ்நாடு அரசின் முயற்சியில் குன்னூரில் டீசர்வ் என்ற மின்னணுத் தேயிலை ஏல மையம் கூட்டுறவு அமைப்பாகத் தொடங்கியது. அதே ஆண்டில் மத்திய அரசு, 1953ஆம் ஆண்டுத் தேயிலைச் சட்டத்தின் 30ஆவது பிரிவைக் கொண்டு தேயிலை விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணையைப் பிறப்பித்தது. தேயிலை வாரியமும் தன் பங்குக்கு நாட்டின் ஏல மையங்களைக் கணினிக்கு மாற்றும் வேலையில் இறங்கியது. காகிதத்தில் எல்லாம் கச்சிதமாக இருந்தது. ஆனால் வாரியத்தின் முதல் முயற்சி கைகூடவில்லை.

வியாபாரிகளுக்குத் திரை பிடிக்கவில்லை. எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்து, குரலின் நடுக்கத்தைக் கேட்டு விலை சொல்லிப் பழகியவர்கள் அவர்கள். நொடிக்கணக்கில் நடந்துவந்த விற்பனை கணினியில் ஊர்ந்தது என்றும் புகார் எழுந்தது. மறுபடியும் மேடை, மறுபடியும் சுத்தியல். சில ஆண்டுகள் அப்படியே போயின. என்.எஸ்.இ.ஐ.டி. நிறுவனம் உருவாக்கிய புதிய மென்பொருளோடு 2009 வாக்கில் வாரியம் இரண்டாவது முறையாக முயன்றபோதும் முணுமுணுப்புகள் இருந்தன. இந்த முறை திரை தாக்குப்பிடித்தது. அதற்குக் காரணமான அம்சத்தில் வேடிக்கையான ஒரு முரண் இருந்தது.

வெளிப்படைத்தன்மைக்காகக் கொண்டுவந்த அந்த முறை, முதலில் செய்த வேலை மறைப்பதுதான். யார் ஏலம் கேட்கிறார் என்பதைத் திரை காட்டவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் உச்ச விலை மட்டும் தெரிந்தது. கண்சாடை செல்லாக்காசானது. நண்பருக்காக விட்டுக்கொடுப்பதும் பகையாளிக்காக ஏற்றிவிடுவதும் கடினமாயின. ஆளை மறைத்ததால் விலை வெளிச்சத்துக்கு வந்தது. 2016இல் எந்த ஊரில் இருக்கும் வியாபாரியும் நாட்டின் எந்த ஏல மையத்திலும் வாங்கலாம் என்ற அகில இந்திய ஏலம் வந்தபோது, குன்னூர்த் தூளுக்கு மேற்கு இந்திய வியாபாரி தன் மேசையிலிருந்தே விலை சொல்ல முடிந்தது.

உலகின் மற்ற மூலைகளில் இதே நாடகம் வேறு வேறு விதமாக முடிந்தது. லண்டன் ஏலம் திரையைப் பார்க்கும் முன்பே மூச்சை விட்டது. 1998 ஜூன் 29 அன்று நடந்த கடைசி விற்பனையில், இலங்கையின் ஹெல்பொட தோட்டத்துப் பெட்டி ஒன்று அறக்கொடைக்காகக் கிலோ 555 பவுண்டுக்குப் போனது. கொழும்பு வியாபாரிகள் திரையே வேண்டாம் என்று பல ஆண்டுகள் பிடிவாதமாக இருந்தார்கள். 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்து ஏல அறையைப் பூட்டியது. ஏலம் நின்றால் இலங்கையின் அந்நியச் செலாவணி நிற்கும். ஏப்ரல் முதல் வாரத்திலேயே, 1883இலிருந்து வாயால் கூவி நடத்திய ஏலம் இணையத்துக்குத் தாவியது. பல்லாண்டுப் பேச்சுவார்த்தை செய்ய முடியாததை ஒரு கிருமி சில நாட்களில் செய்துவிட்டது.

திரையில் விலை தெரிந்துவிட்டது, சரி. கொள்முதல் மையத்துக் கையேட்டில் இருந்த காலிக் கட்டம் என்ன ஆனது? ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போனது என்று ஊருக்கே தெரிந்தாலும், அதில் இலைக்காரருக்கு எவ்வளவு, தொழிற்சாலைக்கு எவ்வளவு என்று ஒரு கணக்கு இல்லாவிட்டால் என்ன பயன்? அந்தக் கணக்கு இலங்கையில் முன்னரே இருந்தது. அங்கே விற்பனைத் தொகையில் 68 பங்கு இலை கொடுத்தவருக்கு, 32 பங்கு தொழிற்சாலைக்கு. 2003ஆம் ஆண்டு ஆணையும் விலைப் பகிர்வு என்ற அதே கதவைத்தான் இங்கே திறந்துவைத்திருந்தது.

நீலகிரியில் நிலைபெற்ற கணக்கு 65க்கு 35. ஒரு மாதத்தில் குன்னூர் ஏலத்தில் தூள் சராசரியாகக் கிலோ 100 ரூபாய்க்குப் போனது என்று வைத்துக்கொண்டால், 65 ரூபாய் இலைக்காரர் பங்கு. ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நான்கு கிலோ கொழுந்து வேண்டும். 65ஐ நான்கால் வகுத்தால் கிலோ கொழுந்துக்குப் பதினாறு ரூபாய்ச் சொச்சம். தேயிலை வாரியம் மாதந்தோறும் இந்தக் கணக்கைப் போட்டு ஓர் எண்ணை வெளியிடுகிறது. அதற்குக் குறையாமல் தொழிற்சாலைகள் தர வேண்டும். தருகிறார்களா என்று பார்க்க மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஒரு கண்காணிப்புக் குழுவும் அமைந்தது.

மாதம் பிறந்ததும் நீலகிரியின் கொள்முதல் மையங்களிலும் நாளிதழ்களின் மாவட்டப் பக்கத்திலும் வாட்ஸப் குழுக்களிலும் வந்து நிற்கும் பசுந்தேயிலைக் குறைந்தபட்ச விலை அந்த எண்தான். போன மாதத்தைவிட ஒரு ரூபாய் ஏற்றமா இறக்கமா என்று பார்த்துவிட்டு ஆட்கள் நகர்ந்துவிடுகிறார்கள். லண்டன் மெழுகுவத்தி, ஒரு கிழங்குப் புழு, சரிந்த ரூபிள், மலைப்பாதை மறியல்கள், தோற்றுப்போன ஒரு கணினி முறை என்று இத்தனையும் கடந்து வந்த எண் அது.

ஆனால் கதை அங்கே சுபமாக முடியவில்லை. எண் வெளிச்சத்துக்கு வந்த அளவுக்கு உயரத்துக்கு வரவில்லை. தூள் முழுவதும் ஏலத்துக்கு வருவதில்லை, தனிப்பட்ட விற்பனையும் நடக்கிறது. அங்கே என்ன விலை என்று எந்தத் திரையும் காட்டுவதில்லை. கழிவு என்ற பெயரில் தராசுக்குப் பக்கத்தில் நடக்கும் கழித்தல் கணக்கும் ஏல மென்பொருளுக்குள் வராது. கூட்டுறவுத் தொழிற்சாலையும் தனியார் தொழிற்சாலையும் ஒரே எண்ணுக்குக் கட்டுப்பட்டவை என்றாலும், பணம் கைக்கு வரும் நாள் ஊருக்கு ஊர் வேறு. ஆட்சியரிடம் மனு, வாரியத்திடம் மனு என்று விவசாயிகள் ஓயவில்லை. 2005ஆம் ஆண்டின் மத்தியத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்த பிறகு, மத்திய அரசின் அமைப்பான தேயிலை வாரியத்தின் கோப்புகளையும் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்க முடிந்தது. கேள்விகள் கூர்மையடைந்தன.

2023 செப்டம்பரில் அந்தக் கூர்மை வீதிக்கு வந்தது. நீலகிரியின் படகர் கிராமங்களில் சிறு தேயிலை விவசாயிகள் தொடர் உண்ணாவிரதத்தில் உட்கார்ந்தார்கள். கிலோ கொழுந்துக்கு 30 ரூபாய்க்கு மேல் வேண்டும் என்பது கோரிக்கை. புத்தாயிரத்தில் நடந்த மறியலுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் ஒன்று இருந்தது. அன்று யார் விலையை வைக்கிறார்கள் என்று கேட்டார்கள். இன்று வாரியம் மாதாமாதம் வெளியிட்ட எண்களே அவர்கள் கையில் சான்றாக இருந்தன. ஒரு பக்கம் அந்த எண்கள், இன்னொரு பக்கம் பறிகூலி, உரம், மருந்து, வண்டி வாடகை. உற்பத்திச் செலவோடு அதில் பாதியையும் சேர்த்து விலை தர வேண்டும் என்ற எம்.எஸ். சுவாமிநாதன் குழுவின் பரிந்துரை ஹட்டிக் கூட்டங்களில் மேற்கோளானது.

அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு விவசாயிகளின் வாதம் இப்போது ஒரே புள்ளியில் வந்து குவிந்திருக்கிறது. தேயிலைச் சட்டத்தின் 30ஆவது பிரிவு, தேயிலைக்குக் குறைந்தபட்ச விலையை நிர்ணயிக்கும் அதிகாரத்தையே மத்திய அரசுக்குத் தருகிறது. 2003இல் அந்தப் பிரிவின் ஒரு பகுதியை எடுத்துத்தான் விலைப் பகிர்வுக் கணக்கைப் போட்டார்கள். மீதிப் பகுதியையும் எடுத்துப் பயன்படுத்தினால், மாத எண் சந்தையைப் பார்த்து எழுதுவதாக இருக்காது. உற்பத்திச் செலவைப் பார்த்து எழுத வேண்டியிருக்கும். அதற்கு ஒரு கிலோ கொழுந்தை விளைவிக்க எவ்வளவு ஆகிறது என்ற கணக்கும், ஏல விலையைப் போலவே மாதந்தோறும் பொதுவில் வெளியாக வேண்டும். குன்னூரில் இன்னும் பிறக்காத எண் அதுதான்.